அட்டையின் பின்பக்கம்

எண்பதுகளின் கடைசியில் டி.பார்ம் முடித்த கையோடு கல்யாணமாகி, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மாமனாரின் மருந்துக்கடையில் உட்கார்ந்தேன். அப்போது ஜிங்க் மாத்திரை என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை. எங்களுக்கு ஜிங்க் என்றால் மேலே பூசுகிற சரக்கு. கல்லூரி லேபில் காலமைன் லோஷன் கலக்கும்போது ஜிங்க் ஆக்சைடை நிறுத்துப் போட்டிருக்கிறோம். கடையில் வேர்க்குருவுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் குழந்தையின் தொடை இடுக்குச் சிவப்புக்கும் அதே வெள்ளைப் பொடிதான் வெவ்வேறு டப்பாவில் போகும்.

உள்ளுக்குச் சாப்பிடுகிற ஜிங்க் இல்லாமல் இல்லை. 'சத்து மாத்திரை குடுங்க', 'வாய்ப்புண்ணுக்குக் குடுங்க' என்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல்கள் சிலவற்றின் பின்பக்கத்தில், வைட்டமின்களின் வரிசை முடிந்த பிறகு, கடைசி வரியில் ஜிங்க் சல்பேட் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் படித்ததில்லை. இன்று அந்தக் கடைசி வரிதான் டப்பாவின் முன்பக்கத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில், ஒரு பெண்ணின் கூந்தல் படத்துக்குக் கீழே பெரிதாக நிற்கிறது. முடி உதிர்வு, முகப்பரு, மாதவிலக்கு வலி, பி.சி.ஓ.டி., கரு தங்காதது, ஐம்பது வயதுக்கு மேல் வரும் அசதி, எல்லாவற்றுக்கும் ஜிங்க்.

இந்த மாற்றத்தை ஒரே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஜிங்க்கை வாங்குகிற பெண்கள் ஒரு கூட்டம், அது உண்மையில் தேவைப்படுகிற பெண்கள் வேறொரு கூட்டம் என்பதுதான் இத்தனை வருஷத்தில் எனக்குத் தெளிவானது. இரண்டு கூட்டமும் கடைக்கு வரும். இரண்டாவது கூட்டம் வேறு எதையாவது வாங்க வரும்.

கடையில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். ஆண்கள் நின்றால் தள்ளி நிற்பார்கள். கூட்டம் கலைந்ததும் 'அக்கா, ஒரு விஷயம்' என்று கிட்டே வருவார்கள். வெள்ளைப்படுதல், நிற்காத உதிரப்போக்கு, பிரசவமாகி மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது. டாக்டரிடம் இரண்டு வார்த்தையில் சொன்னதை என்னிடம் விரித்துச் சொல்வார்கள். டாக்டருக்கு முன்னால் உட்காரும் நேரம் அவர்களுக்கு அவ்வளவுதான் கிடைத்திருக்கும்.

அட்டையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கவேண்டும் என்பது மாமனார் சொல்லிக் கொடுத்தது. அதன் அருமை தெரிந்தது ஓரகத்திகள் இருவர் வந்த அன்றைக்கு. இரண்டு பேருக்கும் வெவ்வேறு டாக்டர் எழுதியது. மூத்தவள் அட்டையில் ஜிங்க் குளுக்கோனேட் 50 மி.கி., இளையவள் அட்டையில் ஜிங்க் சல்பேட் 220 மி.கி. 'எனக்கு மட்டும் ஏன் கம்மியா எழுதியிருக்காரு?' என்று மூத்தவளுக்குக் குறை. நான் தாளில் போட்டுக் காட்டினேன். குளுக்கோனேட் உப்பில் ஜிங்க் நூற்றுக்குப் பதினான்கு பங்குதான், ஆக அவளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 7 மி.கி. தண்ணீர் சேர்ந்த சல்பேட் 220 மி.கி.யில் 50 மி.கி. ஜிங்க் இருக்கிறது. ஒருத்தி ஒருநாள் சாப்பாட்டில் கிடைக்கவேண்டியதில் பாதியை விழுங்குகிறாள். இன்னொருத்தி, வயது வந்த ஒருவர் ஒருநாளில் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கும் 40 மி.கி. எல்லையையே தாண்டுகிறாள். இளையவளுக்குக் குடலில் ஜிங்க் ஏறாத ஒரு கோளாறு இருந்ததால் டாக்டர் தெரிந்தேதான் எழுதியிருந்தார். ஆனால் மூத்தவள் அன்றைக்கு இளையவளின் அட்டையையே கேட்டு வாங்க வந்திருந்தாள்.

உப்பின் எடை வேறு, அதற்குள் இருக்கும் ஜிங்க்கின் எடை வேறு என்ற இந்த ஒரு சங்கதியை, படித்தவர்களுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. தண்ணீர் குறைவாகச் சேர்ந்த சல்பேட் மோனோஹைட்ரேட் 55 மி.கி. என்றிருந்தால் ஜிங்க் 20 மி.கி. நல்ல கம்பெனிகள் இரண்டு எண்ணையும் அச்சிடுகிறார்கள். ஒரே எண் மட்டும் இருந்தால் அது எதன் எண் என்று பார்க்கவேண்டும்.

தொண்ணூறுகளில் ஜிங்க் தனி மாத்திரையாக வந்தது தோல் டாக்டர்களின் சீட்டு வழியாக. முகப்பருவுக்கு ஜிங்க் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் எழுபதுகளிலேயே ஸ்வீடனில் நடந்திருக்கின்றன. நம் பக்கம் வர இருபது வருஷம் ஆயிற்று. வந்ததும் கூடவே வந்தது குமட்டல். காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஓடும் பெண்கள், பாதி வழியில் வாந்தி எடுத்துவிட்டு, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதி அட்டையோடு திரும்பி வருவார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு போடச் சொன்னால் முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும். வாயில் இரும்பைக் கடித்தது போன்ற ருசி சிலருக்கு இருக்கும், அது மாத்திரையோடு போய்விடும்.

டாக்டர்களின் சீட்டில் இன்னொரு பழக்கம் உண்டு. ஆன்டிபயாட்டிக் எழுதினால் துணைக்கு ஒரு சத்து கேப்சூலும் எழுதுவார்கள். மாவு அரைக்கும் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் காலை ஒன்று, இரவு ஒன்று. ஜிங்க் கலந்த கேப்சூலும் அதே காலை, அதே இரவு. இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கியிருக்கிறாள். ஜிங்க் அந்த மருந்தைக் குடலிலேயே கட்டிப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகவேண்டியது போகாது. டெட்ராசைக்ளினுக்கும் இதே கதைதான். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, கேப்சூலை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினோம். அந்த முறை அவளுக்குத் தீர்ந்தது. அதிலிருந்து இந்த இரண்டும் ஒரே சீட்டில் வந்தால், கவரில் 'மதியம்' என்று பெரிதாக எழுதித்தான் கொடுக்கிறேன். டாக்டருக்குத் தெரியாது என்பதில்லை. புறநோயாளிக் கூட்டத்தில் அதை அவர் சொல்லவும் முடியாது, சொன்னாலும் அவள் காதில் ஏறாது. மருந்தாளுநர் எதற்கு இருக்கிறாள்?

ஜிங்க் என்ற பெயர் வீடுகளுக்குள் நுழைந்தது குழந்தைகளால். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சேர்ந்து அறிவித்தார்கள்: வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மி.கி. ஜிங்க், பத்து முதல் பதினான்கு நாள். அதன்பின் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுக்கும் சின்ன மாத்திரை வந்தது. மூன்றாம் நாள் போக்கு நின்றதும் அம்மாக்கள் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். மீதியையும் கொடுத்து முடித்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் போக்கு திரும்ப வருவது குறையும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது.

அப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு நடவாள் கேட்டாள்: 'ஜிங்க்குங்கிறது வயலுக்குப் போடறதுல்ல? அதையா புள்ளைக்குக் குடுக்கச் சொல்றீங்க?' நல்ல கேள்வி. எங்கள் டெல்டாவில் நெல்லுக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்லி வேளாண்மைத் துறைக்காரர்கள் வருஷா வருஷம் சொல்கிறார்கள். இலையில் துரு நிறப் புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றுபோகும் நோய்க்கு ஜிங்க் இல்லாததுதான் காரணம் என்று பந்த்நகரில் ஒய்.எல். நேனே 1966இல் கண்டுபிடித்தார். நட்டுப் பழகிய கைக்கு அது தெரியும். 'ஆமாம்மா, அதே சத்துதான். ஆனா உர மூட்டையில இருக்கிறது சுத்தம் பண்ணாதது, வாயில படக்கூடாது' என்றேன். 'அப்ப மண்ணுலயே இல்லன்னா அரிசியில எங்கேருந்து வரும்? அரிசியில இல்லன்னா எங்களுக்கு எங்கேருந்து வரும்?' என்றாள். எத்தனையோ கூட்டங்களில் வல்லுநர்கள் பேசக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அரிசியில் ஏற்கெனவே ஜிங்க் குறைவு, நூறு கிராமுக்கு ஒரு மி.கி.யை ஒட்டித்தான் இருக்கும். மூன்று வேளையும் சோறு, ஊற்றிக்கொள்ளக் குழம்பு என்று வாழ்கிற பெண்ணுக்கு நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் கணக்கு நிறையாது.

அந்தக் கணக்கும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2010இல் நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெண்ணுக்கு நாளைக்கு 10 மி.கி. என்றது. 2020இல் அதை 13.2 ஆக்கியது, கர்ப்பிணிக்கு 14.5. அமெரிக்காவில் பெண்ணுக்கு 8 மி.கி.தான். தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டேட் ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நம் தட்டில் இருப்பதில் உடம்பில் சேர்வது கொஞ்சம். இணையத்தில் வெளிநாட்டு டப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாகவேண்டும். அவர்கள் டப்பாவில் 'ஒருநாள் தேவையில் நூறு சதவீதம்' என்பது அவர்கள் தட்டுக்கான கணக்கு.

இரண்டாவது கூட்டத்தை எனக்கு அடையாளம் காட்டியது பலப்பம். எங்கள் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் மசக்கைக்காரப் பெண்கள் சிலேட்டுக் குச்சி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே இல்லாத வீட்டுப் பெண்கள். சிலருக்குச் சாம்பல், சிலருக்குச் சுவர் மண், சிலருக்குப் பச்சரிசி. ஏழு மாதம் நிறைந்த ஒரு பெண் இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு பிராண்ட் கேட்டு வந்தாள். பேச்சுக் கொடுத்தபோது முந்தானையில் முடிந்திருந்த பலப்பத் துண்டுகளைக் காட்டினாள். ஒருநாளைக்கு ஒரு பாக்கெட். ஹீமோகுளோபின் 7ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

மண் தின்னும் உடம்புக்கும் ஜிங்க்குக்கும் உள்ள தொடர்பு ஜிங்க்கின் கதையிலேயே முதல் அத்தியாயம். பீகாரின் பக்ஸரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே 21 வயது இளைஞன் ஒருவன் பத்து வயதுப் பையனின் உருவத்தில், கடும் ரத்தசோகையோடு வந்தான். புளிக்க வைக்காத ரொட்டியும் களிமண்ணும்தான் அவன் உணவு. இரும்புக் குறைவு மட்டும் இந்த வளர்ச்சிக் குறைவை விளக்காது என்று பிடித்துக்கொண்டுபோய், எகிப்தில் ஆராய்ந்து, 1963இல் மனிதருக்கும் ஜிங்க் குறைவு வரும் என்று பிரசாத் நிறுவினார். அதுவரை பயிருக்கும் எலிக்கும் பன்றிக்கும்தான் அது தெரிந்திருந்தது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஆண்கள். இதே குறை பெண்ணுக்கும் உண்டு என்று இரண்டு ஈரானியப் பெண்களை வைத்து எழுதப்பட்டது 1975இல்தான். பெண்ணின் பசி எப்போதுமே கடைசியில்தான் கணக்கில் வருகிறது, ஆராய்ச்சியிலும்கூட.

பலப்பம் தின்ற அந்தப் பெண்ணை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் அனுப்பினேன். ஊசி வழியாக இரும்பு ஏற்றினார்கள். ஜிங்க் தனியாகக் கொடுக்கவில்லை, கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். கர்ப்பிணிகளுக்கு ஜிங்க் கொடுத்து உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். குறைமாதப் பிரசவம் கொஞ்சம் குறைகிறது என்று 2015இன் தொகுப்பாய்வு சொன்னது. 2021இல் அதைப் புதுப்பித்தபோது அந்தப் பலன் உறுதியாக நிற்கவில்லை. எல்லாக் கர்ப்பிணிக்கும் ஜிங்க் என்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை. இரும்புக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் இருக்கும் உறுதி ஜிங்க்குக்கு இல்லை. ஆகவே தனியார் ஆஸ்பத்திரியில் எழுதிய விலை உயர்ந்த ஜிங்க் கலந்த மாத்திரையை நம்பி, அரசு கொடுக்கும் சிவப்பு இரும்பு மாத்திரையை மூலையில் போட்டுவிடும் பெண்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். இரண்டும் வேண்டுமென்றால் வேளையைப் பிரித்துக்கொள்ளட்டும். வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் இரும்பு ஜிங்க்கை உள்ளே விடாது.

இனி 2020. பொதுமுடக்கத்தில் கபசுரக் குடிநீருக்கு அடுத்தபடி எங்கள் கடையில் காலியானது ஜிங்க்தான். 50 மி.கி. மாத்திரை பெட்டி பெட்டியாகப் போயிற்று, ஸ்டாக்கிஸ்ட் கெஞ்சினாலும் சரக்கு தரவில்லை. கொரோனாவுக்கு அதிக அளவு ஜிங்க் பலன் தரவில்லை என்று அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2021 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் வீடுகளில் பழக்கம் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எதிர்ப்புச் சக்திக்கு என்று ஆரம்பித்த 50 மி.கி.யை விடவேயில்லை. அதற்கு மேல் மகள் வாங்கிக் கொடுத்த கூந்தல் மாத்திரை, அதிலும் ஜிங்க். பாதம் மரத்துப்போகிறது என்று பி12 ஊசி போட்டார்கள். ரத்தம் குறைந்தது, இரும்பு கொடுத்தும் ஏறவில்லை, வெள்ளை அணுக்களும் குறைந்தன. தஞ்சாவூரில் ஒரு டாக்டர், 'வேறென்ன சாப்பிடுறீங்க? வீட்டில இருக்கிற எல்லா அட்டையையும் கொண்டு வாங்க' என்றிருக்கிறார். தாமிரத்தின் அளவு தரையில் கிடந்தது. ஜிங்க் நீண்ட நாள் மிகுந்தால் குடலில் தாமிரத்தை ஏறவிடாமல் தடுத்துவிடும். ஜிங்க்கை நிறுத்தித் தாமிரம் கொடுத்ததில் ரத்தம் சில வாரங்களில் தேறியது. பாதத்தின் மரமரப்பு முழுதாகப் போகவில்லை. நரம்பு அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதில்லை.

அந்த டாக்டர் கேட்ட கேள்வியைத்தான் நானும் இப்போது கேட்கிறேன். கூந்தல் மாத்திரை, எதிர்ப்புச் சக்தி மாத்திரை, மாதவிலக்கு மாத்திரை என்று மூன்று டப்பாவிலும் ஒரே ஜிங்க் இருக்கும். கூந்தல் மாத்திரையில் பயோட்டின் வேறு இருக்கும், அது தைராய்டு பரிசோதனையின் முடிவையே புரட்டிக் காட்டும். ரத்தம் கொடுக்க இரண்டு நாளுக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பின் கொட்டுகிற முடி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானே வந்துவிடும். அதைச் சொன்னால் மாத்திரை விற்காது, சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியாது.

இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன். சில டப்பாக்களில் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்கும். சிலவற்றில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வரியும் இருக்கும். இரண்டாவது வகை உணவு. நோயைத் தீர்க்கும் என்று அது சொல்லிக்கொள்ளக்கூடாது. சொல்லிக்கொள்கிறது, படங்களின் வழியாக. மாதவிலக்கு வலிக்கு ஜிங்க் ஓரளவு கேட்கிறது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் இருப்பது உண்மை. வலியில் சுருண்டு கிடக்கும் பெண் முயன்று பார்க்க விரும்பினால் நான் தடுக்கமாட்டேன், அளவைச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் மூன்று மாதம் மாதவிலக்கே வராத பெண், படம் பார்த்துவிட்டு ஜிங்க் பொடி ஆர்டர் போட்டுக்கொண்டு டாக்டரைத் தள்ளிப்போடுவதை எப்படிப் பொறுப்பது?

நாடு முழுக்க 2016–18இல் எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பத்து முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேருக்கு ஜிங்க் குறைவு. சின்னக் குழந்தைகளைவிட அதிகம். அந்த வயதுப் பெண்கள் என் கடைக்கு நாப்கின் வாங்க வருகிறார்கள், ஜிங்க் வாங்க அல்ல. அவர்களிடம் மாத்திரைப் பேச்சே எடுப்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். இட்லி, தோசை என்றால் சந்தோஷம், மாவு புளிக்கும்போது ஃபைட்டேட் குறைகிறது. பயறை முளைகட்டினாலும் அப்படித்தான். கைப்பிடி வேர்க்கடலை, எள்ளுருண்டை, முட்டை, கருவாடு, வாரம் ஒருநாள் கறி. ஆட்டுக்கறியில் நூறு கிராமுக்கு நான்கு மி.கி. அளவில் ஜிங்க் இருக்கிறது, அதுவும் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் வகையில்.

போன மாதம் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். வாயோரம் வெடித்து, புண் ஆறாமல், சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை என்று வந்திருந்தாள். கைக்குழந்தை இடுப்பில், பால் குடிக்கிறது. 'ஞாயித்துக்கிழமை கறி எடுக்கிறீங்கல்ல? அதுல நீயும் ரெண்டு துண்டு சாப்பிடு' என்றேன்.

'எடுக்குறோம்மா. அவங்க, மாமா, புள்ளைங்க சாப்ட்டது போக எனக்குக் கொழம்புதான் மிஞ்சும். துண்டு வேணும்னு கேட்டா வூட்ல பேச்சு வரும். அதுக்கு மாத்திரை வாங்குறது சுலபம்மா.'

அவள் சொன்னது சரி. டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லி, 20 மி.கி. ஜிங்க் அட்டை ஒன்றைக் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு ஒன்று, பதினான்கு நாள், அதற்குமேல் வேண்டாம் என்று கவரில் எழுதினேன். அடுத்த முறை வரும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். 'எதுக்கும்மா?' என்றாள். 'குழம்பு யாருக்கு, துண்டு யாருக்குன்னு நான் அவர்கிட்ட பேசணும்' என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். இன்னும் வரவில்லை. சூளைக்கு மருந்து கொண்டுபோகிற பையனிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.